புத்தகத்தில் இல்லாத ஊசி

தவக்காலத்தின் இரண்டாம் வாரத்து வெள்ளிக்கிழமை மாலை, என் கணவருக்கு நான் இன்சுலின் ஊசியை இரண்டு முறை போட்டேன். முதல் முறை ஐந்தரைக்கு. இரண்டாம் முறை ஏழு பத்துக்கு. முதல் ஊசியின் நேரத்தைப் பின்னால் யோசித்துத்தான் கண்டுபிடித்தேன். அன்று மாலைக்கு நாட்குறிப்பில் இருந்தது ஒரே ஒரு பதிவு, அது இரண்டாவது ஊசிக்கானது.

அவர் இப்போது நலமாக இருக்கிறார், நானும் நலம். என் வயதை ஒத்தவர்கள் பலர் "மறதிதானே, வயசாச்சு" என்று சொல்லிவிட்டு அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

எனக்கு வயது அறுபத்தெட்டு. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, படித்து, கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் எழுதுவினைஞராக இருந்தேன். அதில் பெரும்பகுதி ஆவண அறையில். பிறப்பு, இறப்பு, விவாகம். ஒரு காகிதம் இல்லாததால் எங்கள் தோட்டச் சனத்துக்கு என்னவெல்லாம் கிடைக்காமல் போனது என்பதை அந்த அறையின் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவள் நான். பதிவேட்டில் இல்லையென்றால் நடக்கவில்லை. இது அலுவலக விதி. ஓய்வுபெற்ற பிறகும் அதை வீட்டில் வைத்துக்கொண்டேன்.

திருமணமான நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை பெய்ததா, யார் வந்தார்கள், பங்கில் யார் இறந்தார்கள், எந்தக் குருவானவர் எந்த ஞாயிறு பிரசங்கம் வைத்தார், எல்லாம் இருக்கும். ஞானஸ்நானத் தேதி வேண்டுமென்றாலும் ஆண்டுத் திருப்பலித் தேதி வேண்டுமென்றாலும் கோயிலில் "ரெஜினா அக்காவக் கேளுங்க" என்பார்கள். எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று ஊர் நம்பியது. நானும் நம்பினேன்.

என் கணவர் அந்தோனிக்கு எழுபத்தைந்து. தேயிலைத் தொழிற்சாலையில் தூளின் பதம் பார்க்கும் டீமேக்கராக இருந்தவர். சீனி வியாதி அவருடைய கண்ணில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. ஆள் நடமாட்டம் தெரியும், முகம் தெரியாது. ஊசிக் குழலில் உள்ள கோடுகள் தெரியவே தெரியாது. ஆகவே ஆறு வருடமாகக் காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுவது என் வேலை. அம்பிட்டியவில் எங்கள் வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. இந்த ஒரு வேலையை நான் சரியாகச் செய்வதால்தான் நாங்கள் யாரையும் அண்டாமல் அங்கே இருக்க முடிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கோயிலில் சிலுவைப்பாதை வழிபாடு. வழக்கமாக ஆறே முக்காலுக்குப் போடும் ஊசியை ஐந்தரைக்கே போட்டு, அவருக்கு ஒரு துண்டுப் பாண் ரொட்டியும் வாழைப்பழமும் கொடுத்துவிட்டு ஓடினேன். எழுத நேரமில்லை. திரும்பி வந்ததும் வழக்கமான மாலை போலவே எல்லாவற்றையும் தொடங்கினேன். சோற்றை அடுப்பில் வைத்தேன், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து மருந்துப் போத்தலை எடுத்தேன்.

"போட்டுட்டியே ரெஜினா," என்றார் அவர். "கோயிலுக்குப் போக முந்தி போட்டியே."

நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். மாலை ஊசிக்கான இடம் வெறுமையாக இருந்தது.

"புத்தகத்துல இல்லீங்க. இல்லன்னா போடல."

அவர் சட்டையைத் தூக்கிக் கொடுத்தார்.

ஒருசந்தி நோன்பு நாள் என்பதால் இரவுச் சாப்பாட்டையும் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார். எட்டரை மணிக்குக் கதிரையில் இருந்தபடியே வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. என்னைக் கூப்பிட்டார், ஆனால் நாக்குக் குழறியது. இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் இப்படித்தான் வரும் என்பது எனக்குத் தெரியும். நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் முச்சக்கரவண்டியில் எங்களை ஏற்றிக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு விட்டார். அங்கே விரலில் குத்திப் பார்த்தபோது முப்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். போட்ட மருந்து பல மணி நேரம் வேலை செய்யும் வகை என்பதால் வாட்டில் வைத்துக்கொண்டார்கள்.

எத்தனை முறை போட்டீர்கள் என்று கேட்ட எல்லோருக்கும் "ஒரு முறை" என்றே சொன்னேன். பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அதுதான்.

மறுநாள் காலை அவருக்கு உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். பாவித்த ஊசிகளை மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தல் ஒன்றில் போட்டு, நிரம்பியதும் கிளினிக்கில் ஒப்படைப்பது என் வழக்கம். வெள்ளிக் காலையில் புதுப் போத்தல் வைத்ததாக நாட்குறிப்பில் என் கையெழுத்திலேயே இருந்தது. அப்படியானால் போத்தலில் இரண்டு ஊசி இருக்க வேண்டும். மூன்று இருந்தன.

சமையலறையில் நின்று மூன்று முறை எண்ணினேன். ஒருவர் சொல்லை மறுத்துப் பேசலாம், மூன்று என்ற எண்ணை எப்படி மறுப்பது? ஐந்தரை மணி ஊசி எனக்கு அப்போதும் ஞாபகம் வரவில்லை. அது நடந்தது என்று தெரிந்த பிறகும் வரவில்லை. பயம் அப்போதுதான் வந்தது.

திரும்பிப் போய் வாட்டு வைத்தியரிடம் உண்மையைச் சொன்னேன். எங்கள் மகள் ஜெசி பக்கத்தில் நின்றாள். அவள் கெலிஓயாவில் ஒரு பாடசாலையில் ஆசிரியை. கண் கலங்கவில்லை, சத்தம் போடவில்லை. அவள் அமைதியாகப் பேசினால் தீர்மானித்துவிட்டாள் என்று பொருள்.

"அப்பா என்னோட வரட்டும். ஊசி இனிமே நான் பாத்துக்கிறேன்."

"அப்ப நான்?"

"நீங்களும் வாங்கம்மா. நீங்க இல்லாம எப்படி?"

அந்த "நீங்களும்" எனக்குப் பிடிக்கவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக நான் அங்கே போகப் போவதில்லை, பார்த்துக்கொள்ளப்பட வேண்டிய இரண்டாவது ஆளாகப் போகப்போகிறேன். ஊசி என் கையை விட்டுப் போனால் அம்பிட்டிய வீடும் போய்விடும். வீடு போவதைவிட, "போட்டியே" என்று சொன்ன மனிதர் நாளை என் கையை நம்பிச் சட்டையைத் தூக்குவாரா என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஞாயிறு பகல் அவருக்கு வீட்டுக்குப் போக அனுமதி கிடைத்தது. அதற்கான துண்டுச்சீட்டை வாங்க, உட்கார்ந்திருந்த வாங்கிலிலிருந்து எழுந்தேன். சுவர் சாய்ந்தது. கண் திறந்தபோது தரையில் கிடந்தேன், ஒரு தாதி என் கையில் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். படுத்திருக்கும்போது சரியாக இருந்த அழுத்தம் எழுந்து நின்றால் சடாரென்று இறங்கியது. நடந்ததையெல்லாம் சேர்த்துக் கேட்டுவிட்டு என்னையும் அனுமதித்தார்கள். அவர் வெளியே போன அதே மணித்தியாலத்தில் நான் உள்ளே போனேன். "மாத்தி மாத்தி வர நல்ல எடமா இது?" என்றார் அவர், என் கட்டிலின் விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே.

பக்கத்துக் கட்டிலில் பரமேஸ்வரி ரீச்சர். யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டியில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர், இழுப்புக்காக வந்திருந்தார். மூச்சு வாங்கினாலும் பேச்சை விடமாட்டார். நான் தலையணைக்குக் கீழே சிறிய கொப்பியும் பேனையும் வைத்துக்கொள்வதை முதல் நாளே கவனித்துவிட்டு, "என்ன, எங்களைப் பற்றி ஆருக்கும் அறிக்கை அனுப்பிறியளோ?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை டொக்டர் சிஃபானா வந்தார். மடவளைப் பக்கத்துப் பிள்ளை, வயது முப்பது இருக்கும். கட்டிலோரமாகக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஞாபகத்தைப் பார்க்கும் சின்னப் பரிசோதனை ஒன்று செய்யப்போவதாகச் சொன்னார். இன்று என்ன நாள் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. திங்கள், தவக்காலத்தின் மூன்றாம் வாரம், போயா பௌர்ணமி கழிந்து ஆறு நாள் என்றேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், தடங்கலில்லாமல் இறங்கினேன். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். இதற்கு முன்னால், தொடங்கும்போதே, மூன்று சொற்களைச் சொல்லி ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்: கதவு, எலுமிச்சை, சங்கிலி. ஐந்து நிமிடம் கழித்து அவற்றைக் கேட்டார்.

"கதவு, எலுமிச்சை, சங்கிலி," என்றேன்.

டொக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மடியைப் பார்த்தார். அங்கே கொப்பி திறந்திருந்தது. மூன்று சொற்களும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், எப்போது எழுதினேன் என்பது எனக்குத் தெரியாது. யாராவது எதையாவது சொன்னால் என் கை எழுதும். நாற்பது வருடமாக அப்படித்தான்.

"அம்மா, நான் கொப்பிகிட்ட கேக்கல்ல," என்றார் மெதுவாக. "ஒங்ககிட்டதான் கேட்டேன்."

"இந்த வயதிலயும் பாத்தெழுதிறா," என்றார் ரீச்சர் பக்கத்துக் கட்டிலிலிருந்து. மூன்று பேரும் சிரித்தோம். நான் கடைசியாக நிறுத்தினேன்.

மறுநாள் கொப்பியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேறு மூன்று சொற்கள் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்து எனக்கு ஒன்று வந்தது, படகு. மற்ற இரண்டும் வரவில்லை. "ஒண்டு ஒரு நிறம்" என்று உதவினார். அப்படியும் வரவில்லை. சொன்னதே கேட்காதது போல் இருந்தது. மஞ்சள் என்று அவரே சொன்னபோது, நீங்கள் அதைச் சொல்லவேயில்லையே என்று மறுக்க வாய் எடுத்து, போத்தலில் கண்ட மூன்று ஊசியை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அன்று பகல் முழுவதும் நான் யோசித்தது இதைத்தான். தேதி தெரிகிறது, ஏனென்றால் அது என் தொழில். கணக்கு வருகிறது, ஏனென்றால் அது பழையது. புதிதாக வருவது மட்டும் உள்ளே போகவில்லை. போகாததை நான் கவனிக்காமலே இருந்திருக்கிறேன், ஏனென்றால் கையில் எப்போதும் கொப்பி இருந்தது. ஊர் புகழ்ந்த ஞாபகசக்தி அலுமாரியில் அடுக்கி வைத்திருந்த நாட்குறிப்புகளுடையது.

தலைக்குள் இரத்தக் கட்டி இருக்கிறதா என்று பார்க்கத் தலையைப் படம் எடுத்தார்கள். வளையம் போன்ற இயந்திரத்துக்குள் படுக்க வைத்து நழுவ விடுவார்கள், வலி இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். காத்திருப்பதுதான் நீளம். சக்கர நாற்காலியில் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எனக்கு முன்னால் கலகெதரவிலிருந்து வந்த ஒரு வயோதிபர், அவர் மனைவி அவருடைய சேட்டுப் பொத்தான்களைத் திரும்பத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தன் பெயர் தெரியவில்லை. என்னால் அவரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இரத்தப் பரிசோதனையில் ஒன்றை மட்டும் வெளியே செய்ய வேண்டியிருந்தது. மருமகன் போய்ச் செய்துகொண்டு வந்தார். பற்றுச்சீட்டைக் கேட்டேன், ஆவணம் ஆயிற்றே. ஜெசி தொகை இருந்த பகுதியைக் கிழித்துவிட்டு மிச்சத்தைத் தந்தாள்.

பின்னேரங்களில் அவளும் அப்பாவும் கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் வருவார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்து தோடம்பழத்தைத் தடவியே உரித்து, வெள்ளை நார் ஒன்றுமில்லாமல் சுளை சுளையாகக் கொடுப்பார். அந்த வெள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. டொக்டர் சிஃபானா அவரிடம், போட்டாயிற்று என்று தெரிந்தும் ஏன் இரண்டாவது ஊசியை வாங்கிக்கொண்டீர்கள் என்று கேட்டார்.

"நாப்பது வருஷமா எங்க வீட்டுல புத்தகம்தான் ஜெயிக்கும் டொக்டர்," என்றார் அவர். "அன்னைக்கும் ஜெயிக்கட்டும்னு விட்டுட்டேன்."

புதன்கிழமை டொக்டர் ஜெசியிடம் வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். அழுத்தத்துக்கு, கொழுப்புக்கு, எனக்கிருக்கும் லேசான சீனிக்கு, எலும்புக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தவர், சின்ன மஞ்சள் குளிசை அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டார்.

"இது?"

"அது மருந்து இல்லீங்க டொக்டர். தும்மலுக்கு."

"ஒவ்வொரு நாளுமா?"

"ராவைக்கு ரெண்டு. நல்லா தூக்கம் வரும்."

"எத்தன வருஷமா?"

ஜெசி கொண்டுவந்திருந்த நாட்குறிப்புகளைப் புரட்டினேன். மழையை எழுதியிருக்கிறேன். பாண் விலை கூடியதை எழுதியிருக்கிறேன். இந்தக் குளிசையை ஒரு நாளும் எழுதவில்லை. மருந்து என்று நினைக்காததால் எழுதவில்லை. பக்கத்து வீடு கட்டியபோது பறந்த தூசியில்தான் தும்மல் தொடங்கியது, அந்த வீட்டுக்குக் கல் நாட்டியதை எழுதியிருந்தேன். அதை வைத்துக் கணக்கிட்டால் நான்கு வருடம்.

டொக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். மூளை புதிய விடயத்தைப் பதிந்து வைக்க ஓர் இரசாயனத்தைப் பயன்படுத்துகிறது. இந்த வகைப் பழைய தும்மல் குளிசை தும்மலை நிறுத்துவதோடு அந்த இரசாயனத்தின் வேலையையும் தடுக்கிறது. இளையவர்கள் இரண்டு நாள் போட்டால் தூக்கம் வரும், அவ்வளவுதான். அறுபது தாண்டியவர்கள் நாள் தவறாமல் போட்டால் மறதி, தடுமாற்றம், எழும்பும்போது தலைசுற்று எல்லாம் வரலாம். வெளியே செய்த பரிசோதனையில் இரண்டாவது காரணமும் கிடைத்தது. பி பன்னிரண்டு என்ற விட்டமின் எனக்கு மிகவும் குறைந்திருந்தது. நரம்புக்கும் ஞாபகத்துக்கும் அது வேண்டும். சீனிக்குப் போடும் குளிசையை வருடக்கணக்கில் எடுத்தால் அது உடலில் சேர்வது குறையும், எனக்கு எட்டு வருடம். தலைப் படத்தில் கட்டி எதுவும் இல்லை.

வியாழக்கிழமை பெரிய வைத்தியர் வந்தார். சிங்களத்தில் நிதானமாகப் பேசினார், எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. நினைவிழப்பு நோய் என்று இப்போது சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன் என்றார். மஞ்சள் குளிசை இன்றோடு நிற்க வேண்டும். விட்டமின் ஊசி போட வேண்டும். அழுத்தக் குளிசையின் அளவைக் குறைத்தார். மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனை. அதுவரை கணவருக்கு இன்சுலின் நான் போடக்கூடாது.

"மூணு மாசத்துக்குப் பிறகு?" என்று கேட்டேன்.

அப்போது பார்ப்போம் என்றார். வைத்தியர்கள் அந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறார்கள் என்பதைக் கவனிப்பது நோயாளியின் வேலை. அவர் அதைச் சொல்லும்போது என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ரீச்சர் என்னை வழியனுப்பும்போது தன் வாட்டு அனுபவம் ஒன்றைச் சொன்னார். வரும் தாதிகள், சுத்தம் செய்பவர்கள், எல்லோருடைய பெயரையும் கேட்டு, மறுமுறை வரும்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாராம். "பிழைச்சால் பிழைக்கட்டும். வெக்கப்பட்டால் ஒண்டும் மண்டைக்குள்ள போகாது."

கெலிஓயாவில் மூன்று மாதம். ஜெசி பாடசாலைக்குப் போகுமுன் காலை ஊசி, வந்த பின் மாலை ஊசி. நான் பக்கத்தில் பஞ்சு பிடித்துக்கொண்டு நிற்பேன். எழுதுவினைஞர் தரத்திலிருந்து பஞ்சு பிடிக்கும் தரத்துக்கு இறங்கிவிட்டேன் என்று சொன்னால் அவர் சிரிப்பார், அவள் சிரிக்கமாட்டாள்.

குளிசை இல்லாத முதல் பத்து நாள் தூக்கம் வரவில்லை. அவரே யோசித்து நாலு மணிக்குப் பிறகு எனக்குத் தேத்தண்ணி தரக்கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டார். ஒரு டீமேக்கர் வாயிலிருந்து அந்த உத்தரவு வருவது சாதாரணமில்லை. தினமும் ஒரே நேரத்துக்குப் படுத்து, பகலில் படுக்காமல் இருந்தபோது பதினோராம் நாளிலிருந்து தூக்கம் தானாக வந்தது.

பிறகு நான் செய்ததில் முக்கியமானது, நாட்குறிப்பை நிறுத்தாததுதான். பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, எழுதுவது கெடுதல் என்று நான் சொல்வதாக நினைக்கிறார்கள். எழுதும் நேரத்தை மாற்றினேன், அவ்வளவுதான். முன்பு நடந்தவுடன் எழுதி, எழுதியவுடன் மனதிலிருந்து இறக்கி வைத்துவிடுவேன். இப்போது பின்னேரம் விளக்கேற்றிச் செபம் முடிந்ததும், கொப்பி மூடியிருக்க, அன்று காலையிலிருந்து நடந்ததை அவருக்கு வாயால் சொல்ல வேண்டும். யார் வந்தார்கள், என்ன வாங்கினேன், கடைக்காரர் என்ன சொன்னார். அவர் கண் தெரியாததால் காதால் வாழ்கிறவர், எதையும் விடமாட்டார். "அதுக்கும் முந்தி ஒருத்தன் கதவு தட்டினானே, அவன் யாரு?" என்பார். நான் தேடி எடுக்க வேண்டும். எடுத்த பிறகுதான் எழுதலாம். முதல் வாரத்தில் காலை பத்துக்கும் பகல் ஒன்றுக்கும் இடையே எனக்கு ஒன்றுமே இருக்காது. ஐந்தாம் வாரம் மீன்காரர் தன் மகளின் கலியாணத்தைப் பற்றிச் சொன்னது முழுவதும் இருந்தது.

காலையில் நாற்பது நிமிடம் நடப்பேன், கம்பளை வீதியோரமாகப் போய்த் திரும்புவது. சாமான் துண்டு எழுதாமல் கடைக்குப் போவேன். ஆறு பொருள் வாங்கப் போய் நாலோடு வந்த நாட்கள் உண்டு, அப்போது திரும்பவும் போவேன், அதுவும் நடைதான். ரீச்சர் சொன்னபடி பெயர் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். ஒரு மாதம் முழுவதும் பழக்கடை ரிஸ்வியை ரமீஸ் என்று கூப்பிட்டேன், அவரும் பொறுத்துக்கொண்டார். கெலிஓயாக் கோயில் பாடகர் குழுவில் சேர்ந்து, தெரியாத பாட்டுகளைத் தாள் பார்க்காமல் பாடப் பழகினேன். ஒரு வேலை செய்யும்போது இன்னொன்றில் மனதை வைப்பதில்லை. செய்வதை வாய்விட்டுச் சொல்வேன்: அடுப்பை நிறுத்துகிறேன், கதவைப் பூட்டுகிறேன். சீனியையும் அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தேன். மூளைக்கு இரத்தம் போகும் வழி கெட்டால் மற்ற எதுவும் பயன் தராது என்று நான் வாசித்தவை எல்லாம் ஒரே குரலில் சொல்கின்றன.

குறுக்கெழுத்துப் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் முப்பது வருடம் பத்திரிகைக் குறுக்கெழுத்துப் போட்டவள். குறுக்கெழுத்துப் போடுவதில் கெட்டிக்காரி ஆனேன். இந்தப் பழக்கங்களில் எது எனக்கு உதவியது, குளிசையை நிறுத்தியது எவ்வளவு, விட்டமின் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பெரிய வைத்தியராலும் முடியவில்லை. எல்லாம் சேர்ந்துதான்.

ஜூன் மாதம் பரிசோதனைக்குப் போனேன். கைப்பையில் கொப்பி இருந்தது. அதை ஜெசியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். டொக்டர் சிஃபானா மூன்று சொற்கள் சொன்னார், நடுவே கணக்கும் கடிகாரமும், பிறகு கேட்டார்.

"நிலா," என்றேன். "கத்தரிக்கோல்."

மூன்றாவது வரவில்லை. காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். மார்ச் மாதமாக இருந்தால், நீங்கள் இரண்டுதான் சொன்னீர்கள் என்று வாதாடியிருப்பேன்.

"ஒண்டு இருக்கு. வரல்ல," என்று அவருடைய பேச்சிலேயே சொன்னேன்.

"ஒரு பழம்."

"பலாப்பழம்."

அவர் முகம் மலர்ந்தது. சொல் உள்ளே போயிருக்கிறது, எடுக்கத்தான் கொஞ்சம் நேரமாகிறது, உள்ளே போகாமல் இருப்பதும் இதுவும் வேறு வேறு என்று விளக்கினார். பெரிய வைத்தியர் தாள்களைப் பார்த்து, என் வயதுக்கு இது இயல்பு, வருடத்துக்கு ஒரு முறை வந்து காட்டுங்கள் என்றார். ஊசியைப் பற்றி நானே கேட்டேன். அவர் ஜெசியைப் பார்த்தார்.

ஜெசி உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் தன் கண் முன்னால் நான் போட வேண்டும் என்றாள். போட்டேன். இருபத்தெட்டு ஊசி. கடைசி நாள் மருந்துப் போத்தலைக் குளிர்ப் பெட்டியில் வைத்து என்னிடம் தந்து, இரண்டு நிபந்தனை சொன்னாள்.

"சந்தேகம் வந்தா போடக்கூடாது. மொதல்ல விரல்ல குத்தி சீனியப் பாக்கணும். ரெண்டாவது, அப்பா போட்டாச்சுன்னு சொன்னா போட்டாச்சு. புத்தகம் என்ன சொன்னாலும் சரி."

"அவரு வேணும்னே மாத்திச் சொன்னா?"

"அது ஒங்க ரெண்டு பேர் பிரச்சின."

அம்பிட்டியவுக்குத் திரும்பி இப்போது ஏழு வாரம். போன செவ்வாய்க்கிழமை மாலை மழை. ஊசி போட்டு, சோற்றுக்குக் காத்திருந்த இருபது நிமிடத்தில் அவர் கதிரையில் சாய்ந்தபடி, ஒன்றுமே தெரியாதவர் போலக் கேட்டார்.

"ரெஜினா, இன்னைக்கு ஊசி போடலியே?"

நான் கறியை இறக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

"போட்டேன். வலது பக்கம், தொப்புளுக்கு நாலு விரல் தள்ளி. மழ பெருசா வந்துச்சு, ஜன்னலச் சாத்துன்னீங்க. நான் போட்டு முடிச்சிட்டுதான் சாத்துவேன்னேன். அதுக்கு நீங்க, தல நனையுதுன்னு மொனங்குனீங்க."

அவர் கதிரையை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டார்.

"பாஸாயிட்ட," என்றார். "சோறு எடு."